அப்பா சொன்னது 1910 இல் சரி

போன வருசம் ஆடி மாதம், கனடாவில் இருக்கிற அண்ணா (பெரியப்பாவின் மகன்) வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் நோட் அனுப்பினார். பதினேழு செக்கன். அதில் கதை பேச்சு ஒன்றும் இல்லை. காற்று, எஞ்சினின் தடதடப்பு, இரண்டுக்கும் நடுவில் குருவிக்குஞ்சு கத்துவது மாதிரி ஒரு 'கீச்... கீச்... கீச்...'. கீழே எழுதியிருந்தார்: "சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டு பிள்ளை. இது என்ன சத்தம் எண்டு கேள்."

அப்பாவுக்கு வீட்டு முற்றத்திலேயே கராச். தகரக் கொட்டில்தான், ஆனால் பக்கத்து ஊரிலிருந்தும் பைக்கை உருட்டிக்கொண்டு வருவார்கள். அவருடைய பெயர் போனது கையால் இல்லை, காதால். தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் யாழ்ப்பாணமே மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய நேரத்தில்தான் தொழில் பழகினார். மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின் இடிக்கிற சத்தத்தைக் கேட்டே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவார் என்று அம்மா இப்பவும் பெருமைப்படுவா.

அண்ணாவின் பைக் நாங்கள் இங்கே ஓடுகிற சாதி இல்லை. நாள்முழுக்க நெடுந்தெருவில் ஓடுவதற்கென்றே செய்த, முந்நூறு கிலோவுக்கு மேல் நிறையுள்ள ரூரிங் பைக். எஞ்சினின் வலுவைப் பின் சில்லுக்குக் கொண்டு போவது செயின் இல்லை. உள்பக்கம் பல் வைத்த, கறுப்பு நிற, அகலமான பெல்ட். அப்பா அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. என்றாலும் கண்ணை மூடி மூன்று தரம் கேட்டார். "பெல்ட் லூஸ். வழுக்குது. இறுக்கச் சொல்லு."

அண்ணா இறுக்கினார். நான்கு நாளில் அடுத்த வொய்ஸ் நோட் வந்தது. கீச்சுச் சத்தம் அப்படியே இருந்தது. அதோடு சேர்ந்து, வேகம் கூடக் கூடக் குரல் உயர்த்துகிற மாதிரி ஒரு 'ஙீஈஈ'யும் புதிதாக வந்திருந்தது.

அப்பா அன்றைக்கு இரவு சரியாகச் சாப்பிடவில்லை. நான் வரலாறு படிக்கிற பிள்ளை, மெக்கானிக் இல்லை. ஆனாலும் அப்பா எப்படிப் பிழைத்தார் என்று எனக்கு அறிய வேண்டியிருந்தது. தேடத் தொடங்கிய பிறகு விளங்கியது, அப்பா ஒரு சத்தத்துக்குச் சரியான விளக்கம்தான் சொல்லியிருக்கிறார். அந்த விளக்கம் பழையது, அவ்வளவுதான். கிட்டத்தட்ட நூறு வருசம் பழையது.

அப்பா பதினான்கு வயதில் ஒரு அரிசி மில்லில் எடுபிடியாக நின்றவர். மோட்டரிலிருந்து மில்லுக்கு ஓடுகிற தட்டைப் பெல்ட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெல்லு கூடப் போட்டால் பெல்ட் கீச்சிடும். அப்படிக் கீச்சிட்டால் வழுக்குகிறது என்று அர்த்தம். ஒன்றில் இறுக்குவார்கள், இல்லாவிட்டால் பிசின் கட்டியை எடுத்துத் தேய்ப்பார்கள். சத்தம் நிற்கும். உராய்வால் மட்டும் இழுக்கிற பெல்ட்டுக்கு இது முழுக்கச் சரி. மோட்டார் சைக்கிள் பிறந்ததும் அப்படியான பெல்ட்டில்தான்.

1885 இல் ஜேர்மனியின் கான்ஸ்டாட்டில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் செய்த மரச்சட்ட வண்டியைத்தான் பெற்றோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் சொல்வார்கள். அதன் எஞ்சினிலிருந்து வலுவை எடுத்துச் சென்றது ஒரு பெல்ட். (எரிபற்றுக் குழாய் இருக்கைக்குக் கீழே இருந்ததால் ஓடும்போது இருக்கை பற்றிக்கொண்டது என்று ஒரு கதையும் இருக்கு.) 1897 இல் பாரிசில் வேர்னர் சகோதரர்கள் எஞ்சினை முன் சில்லுக்கு மேலே ஏற்றி, பெல்ட்டால் முன் சில்லையே சுற்ற வைத்தார்கள். 1902 இல் கொவென்றியில் ட்ரயம்ப் கம்பனி, பெல்ஜியத்தின் மினேர்வா எஞ்சினைப் பூட்டி விற்ற முதல் வண்டியும் பெல்ட்தான்.

அந்தக் காலத்துப் பெல்ட் தோலால் ஆனது. அல்லது இறப்பரும் கன்வசும் சேர்த்தது. குறுக்காக வெட்டிப் பார்த்தால் 'வி' வடிவம். அதே வடிவத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி, இரண்டு பக்கச் சுவரையும் அழுத்திப் பிடித்து இழுக்கும். பல் கிடையாது. பிடிப்பு மட்டும்தான். மழை பெய்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். ஏற்றத்தில் பாரம் கூடினால் வழுக்கும், வழுக்கினால் கீச்சிடும். ஓட ஓடத் தோல் இழுபட்டு நீளும். அப்போது றோட்டோரம் நிறுத்தி, ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டு, புதிதாகத் துளை போட்டு, இரும்புக் கொக்கியால் மறுபடி பூட்டவேண்டும். உதிரிப் பெல்ட், கொக்கி, துளை போடுகிற கருவி மூன்றும் இல்லாமல் விசயம் தெரிந்தவன் தூரப் பயணம் வெளிக்கிடமாட்டான். தோல் காய்ந்து விறைக்காமல் இருக்க ஆமணக்கெண்ணெயும் பூசினார்கள்.

1910 இல் இங்கிலாந்தில் ஒருவன் தன் பைக் கீச்சிடுகிறது என்று கேட்டிருந்தால், அனுபவசாலி எவனும் அப்பா சொன்னதைத்தான் சொல்லியிருப்பான். லூஸ், வழுக்குது, இறுக்கு.

வழுக்குவது முழுக்கக் கெட்டதும் இல்லை. அந்த வண்டிகள் பலவற்றில் கிளச் இல்லை, கியரும் இல்லை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உதை விடும். அந்த உதையை யாரோ தாங்கவேண்டும். பெல்ட் துளி வழுக்கி, துளி இழுபட்டு, அதைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டது. அதனால் பெல்ட் வண்டி மென்மையாகவும் சத்தம் குறைவாகவும் ஓடியது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் ஆரம்பகால வண்டிக்கு 'சைலன்ட் கிறே ஃபெலோ' என்று பெயர், அதாவது சத்தம் போடாத சாம்பல்நிற ஆள். சாம்பல் நிறப் பெயின்ற், நல்ல சைலன்சர், பின் சில்லுக்குத் தோல் பெல்ட். இன்றைக்குத் தெருவைக் கிடுகிடுக்க வைப்பதற்குப் பேர்போன கம்பனி, தொடக்கத்தில் அமைதியை விற்றிருக்கிறது! எனக்கு இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது.

பிறகு செயின் வந்து பெல்ட்டை அடித்தது. அந்தச் சண்டை நடந்த முக்கியமான களம் மான் தீவின் ரி.ரி. பந்தயம். 1911 இல் முதன்முறையாக மலைப்பாதையில் ஓட்டம் வைத்தார்கள். அமெரிக்காவின் இந்தியன் கம்பனி செயினும் இரண்டு கியரும் உள்ள வண்டிகளோடு வந்து, சீனியர் பந்தயத்தின் முதல் மூன்று இடங்களையும் அள்ளிக்கொண்டு போனது. 1912, 1913 இரண்டு வருசமும் சீனியர் பந்தயத்தில் வென்ற ஸ்கொட் வண்டிகளிலும் செயின்தான்.

பெல்ட் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. செனித் கம்பனியின் பிரெடி பார்ன்ஸ், புல்லியின் (பெல்ட் ஓடுகிற சில்லின்) பள்ளத்தை ஓடும்போதே விரித்தும் ஒடுக்கியும் கியர் மாற்றுகிற 'கிரடுவா' முறையைக் கொண்டுவந்தார். பெல்ட்டின் இறுக்கம் குறையாமல் இருக்கப் பின் சில்லு முழுவதும் முன்னுக்கும் பின்னுக்கும் நகரும். ஏற்றப் பந்தயங்களில் அது எல்லாரையும் தோற்கடித்ததால் சில கழகங்கள் அதைத் தடை செய்தன. செனித் கவலைப்படவில்லை. 'தடை செய்யப்பட்டது' என்ற சொல்லையே விளம்பரச் சின்னமாகப் போட்டு விற்றது. அதே யோசனையை வேறு வழியில் செய்த 'ரட்ஜ் மல்ட்டி' 1914 இல் சிறில் புல்லினின் கையில் சீனியர் ரி.ரி.யை வென்றது. பந்தயத்தில் பெல்ட்டின் கடைசிப் பெரிய வெற்றி அதுதான்.

அந்த வருசமே யுத்தம் வந்தது. 1915 இல் வந்த ட்ரயம்பின் 'மொடல் எச்' 550 சி.சி., மூன்று கியர். எஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்குச் செயின், கியர்பெட்டியிலிருந்து பின் சில்லுக்குப் பெல்ட். கிட்டத்தட்ட 30,000 வண்டிகள் நேச நாட்டுப் படைகளுக்குப் போயின. செய்தி கொண்டுபோகிற சிப்பாய்கள் அதில்தான் ஓடினார்கள். பிரான்சின் சேற்றுக்குள், இரவில், லைட் போடாமல் போகும்போது நனைந்த பெல்ட் வழுக்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. அந்த ஆளுக்குப் பின்பக்கத்திலிருந்து வருகிற கீச்சுச் சத்தம் வெறும் தொல்லை இல்லை. கையில் இருக்கிற செய்தி போய்ச் சேருமா சேராதா என்பது அதில் இருந்தது.

யுத்தம் முடிய, 1920 இல் ட்ரயம்ப் முழுக்கச் செயினில் ஓடும் 'எஸ்.டி.' மொடலை விட்டது. அந்த இரண்டு எழுத்தும் 'ஸ்பிறிங் டிரைவ்' என்பதன் சுருக்கம். ஏன் ஸ்பிறிங்? செயின் வழுக்காது. வழுக்காதது எஞ்சினின் உதையை அப்படியே கியருக்கும் ரயருக்கும் கொடுத்துவிடும். பெல்ட் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது தனியாக ஒரு ஸ்பிறிங் வைக்கவேண்டி வந்தது. இந்த விசயத்தை நினைவில் வைத்திருங்கள், அண்ணாவின் பைக்கில் இது திரும்ப வரும்.

இருபதுகளின் நடுப்பகுதிக்குள் பெல்ட் ஒதுங்கிவிட்டது. 1880 இல் மன்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் உருவாக்கிய உருளைச் செயினின் வழிவந்தவைதான் பிறகு உலகமெங்கும் ஓடின, இப்பவும் ஓடுகின்றன. தூரப் பயணக்காரர் சிலர் பி.எம்.டபிள்யூ 1923 இலிருந்து பயன்படுத்திய தண்டு முறைக்குப் போனார்கள். அது வேறு கதை.

செயின் காதுக்கு என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. செயின் எப்போதும் சத்தம் போடும். எண்ணெய் போட்டாலும் போடும், குறைந்தளவு. ஓட்டுகிறவன் அதற்குப் பழகி, அதைக் கேட்காமல் விட்டுவிடுவான். அந்தச் சலசலப்புக்குக் கீழே பெயரிங் தேய்கிறதா, இறப்பர் நைகிறதா என்பதெல்லாம் ஒளிந்துவிடும். அப்பாவின் கராச்சில் செயினுக்கு எண்ணெய் போட்ட பிறகுதான் மற்றச் சத்தங்களைக் கேட்கத் தொடங்குவார். நான் அதைச் சின்ன வயதில் சும்மா பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

பெல்ட் திரும்பி வந்த வழி விசித்திரமானது. அது தையல் மெசினால் வந்தது. சிங்கர் மெசினில் ஊசியும் கீழே நூல் சுற்றிய பொபினும் ஒரு கணமும் பிசகாமல் சேர்ந்து ஓடவேண்டும். வழுக்குகிற பெல்ட் அங்கே உதவாது. 1940களில் அமெரிக்காவின் கில்மர் கம்பனியில் ரிச்சர்ட் கேஸ் அதற்காகப் பல் வைத்த பெல்ட்டைச் செய்தார். பல் புல்லியின் பல்லுக்குள் இறங்குவதால் இங்கே உராய்வுக்கு வேலையில்லை. 1962 இல் ஜேர்மனியின் கிளாஸ் 1004 கார் அதே வகைப் பெல்ட்டை எஞ்சினுக்குள் வால்வு ஓட்டப் பயன்படுத்தியது.

ஆனால் மோட்டார் சைக்கிளின் பின் சில்லை இழுக்க அந்தப் பெல்ட்டுக்குப் பலம் போதாது. அந்தப் பலம் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. 1965 இல் டூபொன்ட் கம்பனியில் ரயருக்குப் பாரம் குறைந்த, பலமான இழை தேடிக்கொண்டிருந்த இரசாயனவியலாளர் ஸ்டெபனி குவோலெக்குக்கு ஒரு கலங்கலான திரவம் கிடைத்தது. வழக்கமாக இழையாக்கும் திரவம் தெளிவாகவும் தடிப்பாகவும் இருக்கும். கலங்கலாக இருந்தால் ஏதோ பிழைத்துவிட்டது என்று ஊற்றிவிடுவார்கள். மெசினை இயக்குகிறவர் நுண்துளை அடைபட்டுவிடும் என்று முதலில் மறுத்தாராம். குவோலெக் விடவில்லை. வந்தது கெவ்லார். ஒரு அடையாளத்துக்குப் பழைய அர்த்தத்தை மட்டும் ஒட்டியிருந்தால் அன்றைக்கு அது சிங்குக்குள் போயிருக்கும்.

அந்தக் குடும்பத்து இழையை முள்ளந்தண்டாக வைத்து கேற்ஸ் கம்பனி செய்த பல் பெல்ட்டோடு 1980 இல் ஹார்லியின் 'ஸ்டேர்ஜிஸ்' வந்தது. எஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்கும் பெல்ட், அங்கிருந்து சில்லுக்கும் பெல்ட். கம்பனி அப்போது ஏ.எம்.எஃப். நிறுவனத்தின் கையில் இருந்து நொடிந்த நிலை. அடுத்த வருசம், 1981 இல், 13 பேர் சேர்ந்து அதை விலைக்கு வாங்கினார்கள். புதிய மோட்டார் சைக்கிள்களின் சத்தத்துக்கு அமெரிக்க அரசு வரம்பு போட்டதும் அந்தப் பத்து வருசத்துக்குள்தான். எண்பதுகளின் நடுவில் அவர்களின் பெரிய ரூரிங் வண்டிகளும் பெல்ட்டுக்கு மாறின. எண்ணெய் தெறிக்காது, கழுவி எண்ணெய் போடத் தேவையில்லை, அமைதியாக ஓடும். எண்பதுகளில் கவாசாகியும் சுசுக்கியும் சில மொடல்களில் வைத்தன. 2006 இல் பி.எம்.டபிள்யூவின் எஃப் 800 எஸ்.ரி.யும் அதே வழியில் வந்தது.

ஐம்பது வருசத்துக்கு மேல் கழித்துப் பழைய அமைதி திரும்பி வந்தது. அதோடு சத்தங்களும் வந்தன, ஆனால் அவற்றின் அர்த்தம் மாறியிருந்தது. பல் பெல்ட் சாதாரணமாக வழுக்காது. மிகவும் தளர்ந்தால் ஒரு பல் தாண்டிக் குதிக்கும். அப்போது கேட்பது கீச்சு இல்லை, 'டக்' என்று ஒரு வெடி. பெல்ட்டை வெளியிலிருந்து பார்த்தால் 1910 இன் தோல் பெல்ட்டின் பேரப்பிள்ளை மாதிரித்தான். உள்ளே அது செயினின் உறவு. அப்பாவின் காது அதைப் பார்க்கவில்லை.

நான் இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை பின்நேரம் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் அரைவாசியில் நிறுத்தி, "பல்லு வச்சதோ? உள்ளுக்குப் பல்லு எண்டு அவன் சொல்லேல்லையே" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போனை எடு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது நான் கண்ட மிகச் சிறந்த விரிவுரைகளில் ஒன்று. அப்பா பதில் எதுவும் சொல்லவில்லை, கேள்வி மட்டும் கேட்டார்.

முதல் கேள்வி: "ஓடிக்கொண்டு போகேக்கை கிளச்சைப் பிடிச்சு எஞ்சினை இறங்கவிடு. சத்தம் எஞ்சினோட இறங்குதோ, சில்லோட போகுதோ?" எஞ்சினோடு இறங்கினால் தேடவேண்டியது முன்பக்கம். அண்ணாவின் வகைப் பைக்கில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையில் மூடிய பெட்டிக்குள் தனிச் செயின் ஒன்று ஓடும். அதன் முன் பல்சில்லில் உதை தாங்குகிற ஸ்பிறிங் இருக்கும். அந்த 1920 இன் ஸ்பிறிங்தான், வேறு உருவத்தில். அது தேய்ந்தால் ஸ்டார்ட் பண்ணும்போதும் நிற்பாட்டும்போதும் 'கடக்' என்று கேட்கும். சத்தம் எஞ்சினைக் கணக்கெடுக்காமல் சில்லின் வேகத்தோடு போனால் பெல்ட், பின் புல்லி, சில்லுப் பெயரிங் என்று பின்பக்கம் பார்க்கவேண்டும். அண்ணாவின் சத்தம் சில்லோடு போனது.

அடுத்தது: "அக்சிலேற்றரைத் திறந்து மூடேக்கை இடிக்குதோ?" பின் சில்லுக்கும் புல்லிக்கும் நடுவில் பல பைக்குகளில் இறப்பர் கட்டைகள் வைத்திருப்பார்கள். அவை நைந்தால் ஒவ்வொரு தரம் திறந்து மூடும்போதும் ஒரு 'தொம்' கேட்கும். பெல்ட் வழுக்காமல் விட்டதால் அதன் பழைய வேலையை இப்போது செய்வது இந்த இறப்பர்தான். அண்ணாவுக்கு அது இல்லை.

"சத்தம் ஒரு சுற்றுக்கு ஒருக்காலோ, தொடர்ந்தோ?" ஒழுங்கான இடைவெளியில் 'டிக்' என்று வந்தால் பெல்ட்டின் பல்லுக்குள் கல் ஒன்று சிக்கியிருக்கலாம், ஒரு பல் உடைந்திருக்கலாம். கல் சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனால் அது பெல்ட்டைத் துளைத்து உள்ளிழையை அறுத்துவிடும். வளைவில் சாயும்போது மாறுகிற 'கரகர' என்றால் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம்.

"தண்ணி தெளிச்சுப் பார்." வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல், சில்லைக் கையால் சுற்றிக்கொண்டு பெல்ட்டின் ஓரத்தில் தண்ணீர் தெளிக்கவேண்டும். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் உரசுவது பெல்ட்தான். (ஓடுகிற எஞ்சினின் பெல்ட்டுக்குக் கிட்டக் கை கொண்டு போகாதே என்று அப்பா இதை மட்டும் மூன்று தரம் சொன்னார். அவருக்கு மில்லில் விரல் போன ஒருவரைத் தெரியும்.) அண்ணா தெளித்தார். சத்தம் அடங்கியது.

அப்போது அப்பா கேட்ட கேள்வி எனக்கு மறக்காது: "இந்தச் சத்தம் துடங்க முதல் கடைசியா அந்தச் சில்லைக் கழற்றினது ஆர்?"

அண்ணா கொஞ்சம் யோசித்தார். சத்தம் தொடங்குவதற்கு ஒரு கிழமை முந்தி ஒரு கடையில் பின் ரயர் மாற்றியிருந்தார்.

அதுதான். சில்லைக் கழற்றிப் பூட்டும்போது பின் அச்சு இடமும் வலமும் ஒரே அளவில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் முன்னுக்கு நின்றால் பெல்ட் புல்லியின் நடுவில் ஓடாமல் ஒரு விளிம்போடு அழுத்தி உரசும். அந்த உரசல்தான் குருவி. இறுக்கினால் போகாது. இறுக்கினது, சாய்ந்து ஓடுகிற பெல்ட்டை இன்னும் பலமாக விளிம்போடு சேர்த்துப் பிடித்ததுதான் மிச்சம். புதிதாக வந்த 'ஙீஈஈ' அதிகமாய் இறுகிய பெல்ட்டின் சத்தம். அந்தப் பாரம் முழுக்கச் சில்லுப் பெயரிங்குக்கும் கியர்பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டின் பெயரிங்குக்கும் போகும். தோல் பெல்ட்டுக்கு மருந்தாக இருந்த இறுக்கம், பல் பெல்ட்டுக்கு நோய். எண்ணெயும் அப்படித்தான். 1910 இல் ஆமணக்கெண்ணெய் பெல்ட்டுக்குச் சாப்பாடு. இன்றைய பெல்ட்டில் எண்ணெய் பூசினால் தூசியும் மணலும் வந்து ஒட்டி, அரம் மாதிரிப் பல்லைத் தின்னும்.

இறுக்கத்தைக் கையால் அமத்திப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதை அப்பா ஏற்றுக்கொள்ளத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டார். கீழ்ப்பக்கப் பெல்ட்டின் நடுவில் ஏறத்தாழ நாலரைக் கிலோ, அதாவது பத்து இறாத்தல் விசை கொடுக்கும்போது அது எத்தனை மில்லிமீற்றர் வளைகிறது என்று அதற்கான கருவியால் அளக்கிறார்கள். மில்லிமீற்றர் கணக்கு மொடலுக்கு மொடல் மாறும். வண்டி ஸ்ராண்டில் நிற்கவேண்டுமா, ஆள் ஏறி இருக்கவேண்டுமா என்பதும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பெல்ட் ஆறியிருக்கவேண்டும். சில்லைச் சுற்றி, பல இடங்களில் பார்த்து, ஆக இறுக்கமான இடத்தில் அளக்கவேண்டும். "உதுக்கெல்லாம் கருவியோ?" என்று அப்பா கேட்டார். பிறகு அந்தக் கருவியின் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

இடையில் ஒரு சின்ன விசயம், எங்களுக்காக. இங்கே றோட்டில் ஓடுகிற கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் பெல்ட்தான், இடப்பக்கப் பெட்டிக்குள் மறைந்திருக்கும். ஆனால் அது அண்ணாவின் பெல்ட் மாதிரி இல்லை. விரிந்து ஒடுங்குகிற புல்லிகளுக்கு நடுவில் ஓடுகிற 'வி' பெல்ட் அது. ரட்ஜ் மல்ட்டியின் அந்த யோசனைதான் 1958 இல் நெதர்லாந்தின் டாஃப் காருக்குள் தானியங்கி கியராக வந்து, பிறகு ஸ்கூட்டருக்குள் குடியேறியது. உட்பக்கத்தில் பல் மாதிரித் தெரிகிற வெட்டுகள் வளைந்து கொடுப்பதற்குத்தான், பிடிப்பதற்கு இல்லை. இங்கே பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கு: வழுக்கலாம், எரிந்த இறப்பர் மணக்கலாம். ஆனால் இறுக்குவதற்கு இடமில்லை. ஸ்பிறிங் தானாகவே இறுக்கிக்கொள்ளும். தேய்ந்தால் மாற்றவேண்டியதுதான். அக்காவின் ஸ்கூட்டர் போன மாரிக்குப் பரந்தனுக்குக் கிட்ட நின்றது இந்தப் பெல்ட் அறுந்துதான். அதற்கு முதல் இரண்டு கிழமை அது எழும்பும்போது நடுங்கியது என்று பிறகு சொன்னா. அப்பாவிடம் சொல்லவில்லை, ஏச்சு விழும் என்று.

அண்ணா அச்சை நேராக்கினார். கையால் ஊஞ்சல் சட்டத்தின் அச்சிலிருந்து பின் அச்சு வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்து, படம் எடுத்து அனுப்பினார். ஒரு பக்கம் மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்திருக்கு. இறுக்கத்தை அளவுக்குக் கொண்டுவந்தார். குருவி பறந்துவிட்டது. ஆனால் சில்லைக் கழற்றியிருந்த நேரத்தில் அப்பா பெயரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கப் பெயரிங் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. அங்கே ஒரு மெக்கானிக், அது ஏற்கெனவே பழசாகத்தான் இருந்திருக்கும், நாலு நாள் இறுக்கத்தால் வராது என்று சொன்னாராம். மாற்றியாயிற்று.

அப்பா அதை நம்பவில்லை. "நான் சொல்லித்தானே இறுக்கினவன்" என்று இப்பவும் இடைக்கிடை சொல்லுவார். பெயரிங்கின் விலையை அனுப்பப் பார்த்தார், அண்ணா வாங்கவில்லை. இப்போது கராச்சுக்கு யாராவது வந்து "அண்ணை, ஒரு சத்தம்" என்று தொடங்கினால் அவர் உடனே கண்ணை மூடுவதில்லை. ஒரு கொப்பி வைத்திருக்கிறார், என்னுடைய பழைய ஏ.எல். கொப்பி. முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: கடைசியாய் இதைக் கழற்றினது ஆர்.

ஐப்பசியில் அண்ணா கடைசி வொய்ஸ் நோட்டை அனுப்பினார், பைக்கைக் குளிருக்கு மூடிவைக்க முதல் ஒரு ஓட்டம். நாற்பது செக்கன். காற்று மட்டும்தான். அப்பா போனைக் காதோடு வைத்து முழுவதும் கேட்டார். பிறகு இன்னொருக்கால் போடச் சொன்னார்.